குதியில் ஒன்றரை மில்லிமீட்டர்

என் அக்காவின் கணவரை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுவதுதான் நியாயம். பதினாறு வருஷமாக அவரை அத்தான் என்று கூப்பிடுகிறேன். கூப்பிடும்போதெல்லாம் வாயில் கசப்பு மாத்திரை கரைகிற மாதிரி இருக்கும்.

பம்பு செய்யும் ஃபேக்டரியில் அவர் தரப் பரிசோதகர். நான் அதே இடத்தில் பேக்கிங் பிரிவு. அங்கே அவரை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். முதுகுக்குப் பின்னால் "ரிஜெக்ட்" என்பார்கள். லேத்தில் கடைந்து வரும் இரும்புத் தண்டுகளை வரிசையாக அடுக்கி, அளவு பார்த்து, தலைமுடியில் பாதி கூடியிருந்தாலும் சிவப்பு சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போடுவார். அது அவருடைய வேலை, அதில் தப்பில்லை. ஆனால் குறி போடும்போது முகத்தில் ஒரு பூரிப்பு வரும் பாருங்கள், பெண்ணுக்கு வரன் அமைந்த தகப்பன் மாதிரி. அதைத்தான் என்னால் சகிக்க முடியாது.

வீட்டிலும் அதே கதைதான். குழாய் ரிப்பேருக்கு வந்தவரிடம் ரெஞ்ச் பிடிக்கத் தெரியவில்லை என்பார். தையல்காரரிடம் சட்டையைத் திருப்பிக் கொடுத்து, இடது காலர் வலது காலரைவிட இரண்டு நூல் நீளம் என்பார். அக்கா துணி மடித்து வைத்தால் ஓரத்தைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்ப்பார். கல்யாணத்துக்கு முன் அக்கா வேலை செய்துகொண்டே பாடுவாள். முதல் வருஷத்திலேயே, "சுருதி கொஞ்சம் கீழ நிக்குதே, கவனிக்கறதில்லையா?" என்று கேட்டார். அவள் கவனித்தாள். அதோடு பாட்டும் நின்றது.

இவர்களுக்கு ஒரே மகள். பதினாலு வயது. பள்ளியில் ஒரு இசைக் குழு ஆரம்பித்தார்கள். இவளுக்கு யுகுலேலே வாசிக்க ஆசை. கிடாரின் குட்டித் தம்பி மாதிரி, நாலு நைலான் தந்தியோடு மார்பில் அணைத்துக்கொண்டு வாசிப்பார்களே, அது. கடைக்குப் போனோம். நானும் கூடப் போயிருந்தேன். அத்தான் ஒன்றை எடுத்துத் தட்டினார், மோந்து பார்த்தார், வெளிச்சத்தில் திருப்பினார்.

"இது பொம்மை. வெறும் ஒட்டுப்பலகை."

கடைக்காரர் பொறுமையான மனிதர். "பிள்ளைங்க கத்துக்கறதுக்கு இது போதும் சார்."

"போதும்னு சொல்றவன் எல்லாம் கடை வெச்சிடறான்," என்று சொல்லிவிட்டு அத்தான் வெளியே நடந்தார். தெருவில் நின்று மகளிடம், "நானே செஞ்சு தரேன். இவனுக்கு அதப் பாக்கக்கூடக் கொடுத்து வெக்கல," என்றார். அவள் என்னைப் பார்த்தாள். நான் வானத்தைப் பார்த்தேன்.

ஏழு மாதம். வீட்டின் பின் அறை முழுக்க மரத்தூள். பழைய அலமாரிக் கதவைப் பிரித்து மெல்லிசாக இழைத்தார். வெந்நீரில் ஊறவைத்த பட்டைகளைச் சூடான குழாய்மேல் வளைத்து இடுப்பு வளைவு கொண்டுவந்தார். ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும்: மனிதருக்குக் கை இருந்தது. அதனால்தான் இன்னும் எரிச்சல். கழுத்தை உடம்போடு சேர்க்க உள்பக்கமாக இரண்டு போல்ட் வைத்தார். "பம்பு மாதிரி. கழட்டலாம், மாட்டலாம். உலகத்துல எவனும் யோசிக்கல," என்றார். எத்தனையோ பேர் யோசித்துச் செய்துகொண்டிருக்கிற ஒன்று அது என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

அதற்குள் பள்ளியில் குழு பாதி வருஷத்தைத் தாண்டிவிட்டது. மகள் காற்றில் விரலை வைத்துப் பழகிக்கொண்டிருந்தாள்.

ஒருவழியாகத் தந்தி ஏற்றினார். பார்க்க அழகாகத்தான் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். அக்கா, நான், மகள் மூவரையும் சோபாவில் உட்காரவைத்துவிட்டு, மகளிடம் நீட்டினார். அவள் வாங்கி விரல்களை வைத்து அழுத்தினாள். முகம் சுருங்கியது. இன்னும் அழுத்தினாள். மீட்டினாள். ஒரு மாதிரி அழுமூஞ்சிச் சத்தம் வந்தது. தந்திகள் விரல்பலகைக்கு வெகு உயரத்தில் நின்றன. அவ்வளவு தூரம் கீழே இழுத்தால் எந்தத் தந்தியும் சுருதி விலகத்தான் செய்யும்.

"கம்பி ரொம்ப மேல இருக்குப்பா."

"கம்பி சரியாத்தான் இருக்கு. உன் விரல்லதான் வலு இல்ல. நாள் முழுக்க போனைத் தேச்சா எங்கிருந்து வரும் வலு?"

இரண்டு வாரம் அந்தப் பிள்ளை தினமும் முக்கால் மணி நேரம் அதோடு மல்லுக்கட்டியது. விரல் நுனிகள் சிவந்து தடித்து, பேனா பிடிக்க முடியாமல் போனது. அக்கா எண்ணெய் தடவிவிட்டாள். அத்தான் எட்டிப் பார்த்து, "அப்படித்தான் இறுகும்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

பிறகு ஒரு நாள் அவள் தோழியின் யுகுலேலேயை வீட்டுக்கு எடுத்துவந்தாள். கடையில் இவர் பொம்மை என்று சொன்ன அதே ரகம். கூடத்தில் உட்கார்ந்து ஒரு பாட்டு முழுக்க வாசித்தாள். தடுமாறாமல், சிரித்துக்கொண்டு. விரலில் வலு இல்லாத பிள்ளை.

அவள் பல் தேய்க்கப் போனபோது அத்தான் அந்த யுகுலேலேயை எடுத்து அளவு பார்த்ததை நான் பார்த்தேன். விரல்பலகையில் குறுக்கே பதித்த உலோகக் கோடுகளை ஃபிரெட் என்பார்கள். பன்னிரண்டாவது ஃபிரெட்டுக்கும் தந்திக்கும் நடுவில் அதில் இரண்டரை மில்லிமீட்டர். தன்னுடையதில் அளந்தார். ஐந்து. நேரே இருமடங்கு.

பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டார் என்று நினைக்கிறீர்களா? "மழைக்கு மரம் உப்பிருச்சு," என்றார். மழை பெய்து இரண்டு மாதமாகியிருந்தது.

சரிசெய்யும் படலம் அதற்குப் பிறகுதான் தொடங்கியது. வயிற்றுப் பலகையின்மேல் ஒரு மரக்கட்டை ஒட்டியிருக்கும், அது பிரிட்ஜ். ஒன்பது மில்லிமீட்டர் உயரம். அதன் பள்ளத்தில் செருகிய வெள்ளைப் பட்டை அதற்கும் மேலே மூன்று மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கும். தந்திகள் அதன்மேல் ஏறித்தான் கழுத்துக்குப் போகும். இரண்டரை கூடுதல் என்றால் பட்டையில் இரண்டரை தேய்த்தால் போதும் என்று கணக்குப் போட்டு, உப்புத்தாளில் பட்டையின் அடியைத் தேய்த்தார். திரும்பச் செருகி அளந்தார். ஒன்றேகால்தான் இறங்கியிருந்தது.

"தந்தி நீளுது," என்றார்.

மகள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல் சொன்னாள். "இல்லப்பா. அது முக்கோணம். பன்னண்டாவது ஃபிரெட் நடுவுல இருக்கு. அந்தக் கோடியில ரெண்டு எறக்கினா நடுவுல ஒண்ணுதான் எறங்கும்."

"எனக்கு நீ பாடம் எடுக்காத."

இருபத்திரண்டு வருஷம் அளவு பார்த்தே சோறு சாப்பிட்ட மனிதருக்கு ஒன்பதாம் வகுப்புக் கணக்கு உறைக்கவில்லை. உறைத்ததோ என்னவோ, மகள் வாயிலிருந்து வந்ததால் ஏற்கமுடியவில்லை. மிச்சமிருந்ததையும் தேய்த்தார். பட்டை பள்ளத்துக்குள் முழுகிப்போனது. தந்திகள் ஏறி வளைய இடமில்லாமல் மரத்தின்மேலேயே படுத்தன. மீட்டினால் தகர டப்பாவுக்குள் மாட்டிக்கொண்ட வண்டு மாதிரி இரைச்சல். உயரமும் இன்னும் மூன்றரையில் நின்றது.

பிறகு பிரிட்ஜையே இழைக்க ஆரம்பித்தார். ஒட்டியபடியே, இழைப்புளியால். ஒன்பதை ஐந்தாக்கினார். வழியில் ஒரு தரம் வழுக்கி, வயிற்றுப் பலகையில் கட்டைவிரல் நீளத்துக்குக் காயம். அதை வேறு யாராவது செய்திருந்தால் மூன்று தலைமுறைக்குச் சொல்லிக்காட்டியிருப்பார். அவ்வளவு மெல்லிசான கட்டையில் தந்தி முடிச்சுப் போடும் துளைகளுக்குமேல் மரம் தாளாக இருந்தது. தந்தி முறுக்கிய மறுநாள் காலையில் துளைகளின் வரிசை அப்படியே பிளந்து கிடந்தது.

"மரம் நோயாளி மரம்," என்றார். அவர் வீட்டு அலமாரி மரம்தான்.

புதிதாக ஒரு பிரிட்ஜ் செய்தார், ஐந்து மில்லிமீட்டரில். பழையதைப் பெயர்த்துவிட்டுப் பலகை முழுவதற்கும் மறுபடி பாலிஷ் அடித்துக் கண்ணாடியாக்கி, அந்தப் பாலிஷின்மேலேயே புதியதை ஒட்டினார். பசை பிடிக்க வேண்டியது மரத்தை என்று பேக்கிங்கில் அட்டை ஒட்டுகிற எனக்கே தெரியும். சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வேடிக்கை பார்க்கும் ஆசை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வாரம் அத்தானின் அண்ணன் குடும்பத்தோடு வந்திருந்தார். காபி கொடுத்து முடிப்பதற்குள் இவர் யுகுலேலேயை எடுத்துவந்து, மரம் வளைத்ததிலிருந்து போல்ட் வைத்தது வரை உரையாற்றிவிட்டு, "வாசிம்மா," என்றார். மகள் தயங்கித்தான் வாங்கினாள். சுருதி கூட்ட ஒரு முறுக்கு. இரண்டு முறுக்கு.

டப்பென்று ஒரு சத்தம். பிரிட்ஜ் பலகையைவிட்டுக் கிளம்பி, தந்திகளின் இழுப்பில் துள்ளி, அவள் மணிக்கட்டில் அறைந்துவிட்டுத் தந்தி நுனிகளில் தொங்கியது. அடியில் பாலிஷ் தோல் மாதிரி உரிந்து ஒட்டியிருந்தது. பிள்ளை கையை உதறிக்கொண்டு அழுதாள். கோடு போட்ட மாதிரி சிவந்து வீங்கிவிட்டது.

அத்தான் பாய்ந்து வந்தார். வந்து யுகுலேலேயைத்தான் வாங்கினார். பலகையைத் தடவிப் பார்த்தார். "நல்லவேளை, விரிசல் விடல," என்றார்.

அண்ணன்காரர் டம்ளரைக் கீழே வைத்தார். அக்கா ஐஸ் எடுத்துவந்து மகளின் கையில் வைத்துக் கட்டினாள். விருந்தாளிகள் போனதும் அத்தான் கையிலிருந்து யுகுலேலேயை வாங்கி, ஒரு துண்டில் சுற்றி, என்னிடம் கொடுத்தாள்.

"இத உங்க ஃபேக்டரி டர்னர்கிட்ட கொண்டு போடா. கிடார் வாசிப்பாரே, அவருகிட்ட."

"அவன்கிட்டயா? அவனுக்கு ஒரு தண்டு ஒழுங்காக் கடைய வராது!" என்றார் அத்தான்.

"நீங்க சும்மா இருங்க," என்றாள் அக்கா. பதினாறு வருஷத்தில் நான் முதல் முறையாகக் கேட்ட வாக்கியம் அது. அவர் நிஜமாகவே சும்மா இருந்தார்.

டர்னரைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ஐந்து வருஷத்துக்கு முன் அவர் கடைந்த இருநூறு தண்டுகளையும் அத்தான் ஒரே நாளில் ரிஜெக்ட் பண்ணினார். விசாரணை வைத்தார்கள். டர்னரை லேத்திலிருந்து எடுத்து, வார்ப்பு சுத்தம் செய்யும் கொட்டகைக்கு அனுப்பினார்கள். இரண்டு வருஷம் அந்தத் தூசியில் நின்றார். இருமல் இன்னும் விடவில்லை. ஆனால் தண்டுகளில் குற்றமில்லை. அத்தானின் அளவுக் கருவியான கேஜ் எப்போதோ கீழே விழுந்து வாய் ஒடுங்கியிருந்தது. மூன்று வாரம் கழித்துச் சோதனைக்கு அனுப்பியபோது அது தெரிந்தது. கருவியைப் பெட்டியில் கட்டி அனுப்பியது நான். திரும்பி வந்ததைப் பிரித்து, உள்ளேயிருந்த சீட்டைப் படித்ததும் நான்.

அத்தானிடம் கேட்டேன். "குடும்பத்துக்குள்ள இருக்கறத ஃபேக்டரியில பேசக் கூடாது மச்சான்," என்றார். சீட்டை அவரிடமே கொடுத்துவிட்டு, வேலையைப் பார்க்கப் போனேன்.

டர்னர் வீட்டு முன்னறையில் சுவரில் ஒரு கிடார் தொங்கியது. நான் துண்டைப் பிரித்தேன். வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"அவரா அனுப்பினாரு?"

"இல்லண்ணே, அக்கா. பாப்பாவுக்காக. பிரிட்ஜ் உயரம்தான் தகராறு. தேச்சுத் தேச்சுப் பாத்தாரு, சரியா வரல."

அவர் ஒரு நீண்ட இரும்பு ஸ்கேலை எடுத்து, கழுத்தின் ஃபிரெட்டுகள்மேல் படுக்கவைத்து, நுனி பிரிட்ஜ் இருந்த இடத்துக்குமேல் வரும்படி நீட்டினார். குனிந்து அந்த இடைவெளியைப் பார்த்தார். பார்த்துவிட்டுச் சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

"இங்க பாருங்க தம்பி. ஸ்கேலுக்கும் பலகைக்கும் நடுவுல ஏழு மில்லிமீட்டராவது இருக்கணும். ரெண்டுதான் இருக்கு. பிரிட்ஜ் மேல ஒரு தப்பும் இல்ல. கழுத்து முன்னால குனிஞ்சு நிக்குது. அதப் பாக்காம பிரிட்ஜைப் போட்டு வதைச்சிருக்காரு."

"எல்லாத்தையும் அளந்துதான் பண்ணினாரு."

"அளந்திருப்பாரு. ஒரு நேரான ஸ்கேல எடுத்து இது மேல வெச்சுப் பாத்திருக்க மாட்டாரு."

உள்ளே கைவிட்டு இரண்டு போல்ட்டையும் கழற்றினார். கழுத்து கையோடு வந்தது. உடம்பில் உட்காரும் அதன் குதியைக் காட்டினார். குதியின் அடிப்பக்கத்தில் ஒன்றரை மில்லிமீட்டர் மரம் கூடுதல். அது முட்டுக்கொடுத்துத்தான் கழுத்தை முன்னால் தள்ளியிருக்கிறது. இங்கே ஒன்றரை எடுத்தால் அங்கே ஐந்து ஏறும் என்றார். பென்சிலால் ஒரு சாய்கோடு போட்டு, அரத்தை எடுத்து, பேசிக்கொண்டே நிதானமாகத் தேய்த்தார்.

"பழசு மாதிரியே ஒம்பது மில்லிமீட்டர்ல ஒரு பிரிட்ஜ் போட்டுடறேன். ஒட்டற எடத்துல பாலிஷைச் சுரண்டணும். ஒரு வாரம் ஆகும்."

"ரொம்ப நன்றிண்ணே. அவரு உங்களுக்குப் பண்ணினதுக்கு..."

"அவரு பண்ணினது எனக்கு அப்பவே தெரியும்," என்றார். அரம் நிற்கவில்லை. "அந்தக் கேஜ் பெட்டியப் பிரிச்சது நீங்கதானே தம்பி?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேனா என்றுகூட நினைவில்லை.

"தெரிஞ்சவங்க சொல்லுவாங்கன்னு கொஞ்ச நாள் காத்திருந்தேன்," என்றார். பிறகு குதியை ஊதி, தூசியைத் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "டீ குடிக்கறீங்களா?"

குடித்தேன். மறுத்து எழுந்து போகக்கூட எனக்குத் துணிச்சல் இல்லை.

ஒரு வாரத்தில் யுகுலேலே வந்தது. அத்தான் முதல் வேலையாக ஃபிரெட்டுக்கும் தந்திக்கும் நடுவில் அளந்தார். இரண்டரை. மறுபடி அளந்தார். பிறகு மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குதியைப் பார்த்தார். அந்தச் சாய்கோட்டின் பென்சில் தடம் ஓரத்தில் கொஞ்சம் மிச்சமிருந்தது. வெகுநேரம் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. காது மடல் சிவந்துவிட்டது.

"தேச்ச எடத்துல வார்னிஷ் தொடல. ஃபினிஷிங் பத்தாது," என்றார்.

மகள் அதை வாங்கிக்கொண்டு அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளேயிருந்து பாட்டு வந்தது. ஒலி இனிமையாகத்தான் இருந்தது. அந்த அலமாரிக் கதவு நல்ல மரம்தான் போலிருக்கிறது. பள்ளி விழாவில் அவள் வாசித்தபோது ஆசிரியை, "இது யார் செஞ்சது?" என்று மேடையிலேயே கேட்டார். "செஞ்சது அப்பா. வாசிக்கற மாதிரி ஆக்கினது டர்னர் அங்கிள்," என்றாள். கைதட்டினார்கள். பக்கத்து நாற்காலியில் அத்தான் கைதட்டாமல், மேடையின் மைக் சாய்வாக நிற்கிறது என்று என்னிடம் சொன்னார். அன்றுதான் என் மனதில் ஏதோ முடிவாயிற்று. பெரிய வீரம் ஒன்றுமில்லை. அவர் பக்கத்து நாற்காலியில் இன்னும் எத்தனை வருஷம் இப்படித் தலையாட்டிக்கொண்டு உட்காருவேன் என்ற அருவருப்பு.

மறுநாள் மேனேஜரிடம் எழுதிக் கொடுத்தேன். கேஜ், தேதி, சீட்டில் படித்தது, அத்தான் மறைத்தது, நானும் மறைத்தது. சோதனைக் கூடத்தில் நகல் இருந்தது. டர்னரின் பேரிலிருந்த குற்றத்தை எடுத்தார்கள். எனக்கு எச்சரிக்கைக் கடிதம். அத்தானைப் பரிசோதனையிலிருந்து எடுத்துக் கருவி ஸ்டோருக்கு அனுப்பினார்கள்.

டர்னர் என்னைப் பார்த்தால் இப்போது தலையசைக்கிறார். அவ்வளவுதான். நன்றி சொல்வார் என்று நான் உள்ளூர எதிர்பார்த்தேன் என்பதைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

அத்தான் என்னோடு பேசுவதில்லை. அக்காவிடம் விஷயத்தைச் சொல்லப் போனபோது, திட்டுவாள் என்றுதான் நினைத்தேன். அவள் காய்ந்த துணியைக் கொடியிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தாள்.

"அவரு எப்படின்னு எனக்குத் தெரியும். பதினாறு வருஷமாப் பாக்கறேன்," என்றாள். "நீ அப்படியில்லன்னு நெனச்சிட்டிருந்தேன். அஞ்சு வருஷம் என்னடா பண்ணின?"

அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. துணியை என் கையில் திணித்துவிட்டு அடுத்ததை எடுக்கப் போனாள்.

பேக்கிங்குக்கு டேப் கத்தி வேண்டுமென்றால் நான் ஸ்டோருக்குத்தான் போக வேண்டும். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அத்தான். நிமிர்ந்து பார்க்க மாட்டார். பதிவேட்டை நகர்த்துவார், நான் கையெழுத்துப் போடுவேன். போன வாரம், கையெழுத்து கட்டத்துக்கு வெளியே போயிருக்கிறது என்று விரலால் தட்டிக் காட்டிவிட்டுப் பதிவேட்டைத் திருப்பித் தள்ளினார். எனக்குப் பின்னால் மூன்று பேர் நின்றிருந்தார்கள். நான் அதை அடித்துவிட்டு, கட்டத்துக்குள் அடங்கும்படி இன்னொன்று போட்டுக் கொடுத்தேன்.